நாக்கு ஒட்டு, உதட்டு ஒட்டு: பெற்றோர் கேட்ட கேள்விகள்

பாலூட்டும் தாய்மார்களுக்குத் துணை நிற்பது என் வேலை. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் வாயைத் திறந்து, நாக்கின் அடியிலுள்ள சவ்வைக் காட்டி, "இதை வெட்ட வேண்டுமா?" என்று யாராவது கேட்காத வாரம் இல்லை. கேட்பவரின் கண்கள் பெரும்பாலும் தூக்கமின்றிச் சிவந்திருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைத்துப் பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இந்தப் பக்கம் மாற்றாகாது. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

நாக்கு ஒட்டு என்கிறார்களே, நாக்கு எதோடு ஒட்டியிருக்கிறது?

கண்ணாடி முன் நின்று உங்கள் நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். நாக்கின் அடிப்பகுதியிலிருந்து வாயின் தரை வரை நடுவில் ஒரு மெல்லிய சவ்வு தெரியும். அது எல்லோருக்கும் உண்டு. அது குட்டையாகவோ தடிப்பாகவோ, நுனிக்கு மிக அருகில் பிணைந்தோ இருந்து நாக்கின் அசைவைத் தடுத்தால்தான் அதை நாக்கு ஒட்டு அல்லது 'டங் டை' என்கிறோம். சவ்வு கண்ணுக்குத் தெரிவது மட்டும் நோயாகாது.

நெடுங்காலமாக இதைத் தனியான ஒரு கயிறு போல எண்ணிவந்தார்கள். நியூசிலாந்து மருத்துவர் நிக்கி மில்ஸும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட உடற்கூற்று ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின. வாயின் தரை முழுவதும் விரிந்திருக்கும் திசுப்படலம், நாக்கு மேலெழும்போது நடுவில் மடிந்து எழுகிறது. அந்த மடிப்பைத்தான் நாம் சவ்வு என்கிறோம். விரித்த துணியின் நடுவைப் பிடித்துத் தூக்கினால் ஒரு மடிப்பு எழுமல்லவா, அதுபோல. நாக்குக்கு உணர்வு தரும் நரம்பின் கிளைகள் இதற்கு மிக அருகில் ஓடுகின்றன என்பதையும் அந்த ஆய்வுகள் காட்டின. பின்னால் வரும் சில பதில்களுக்கு இது தேவைப்படும்.

எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை. கர்ப்பகாலத்தில் நான் செய்த ஏதாவது தவறா?

இல்லை. கருவில் வாய் உருவாகும்போது வாயின் தரையோடு சேர்ந்திருக்கும் நாக்கு மெல்ல விடுபடுகிறது. விடுபடும் அளவு குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். நீங்கள் உண்டதும் உண்ணாததும், வேலைக்குப் போனதும், அழுததும் இதற்குக் காரணம் என்று யாராவது சொன்னால் அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, 100 குழந்தைகளில் ஏறத்தாழ 4 முதல் 10 பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதைத் தவிர வேறு குறை எதுவும் இருக்காது.

அழும்போது நாக்கின் நுனி இதயம் போல நடுவில் குழிந்து தெரிகிறது. அப்படியென்றால் உறுதிதானே?

நுனியைச் சவ்வு பின்னுக்கு இழுப்பதால் அந்த வடிவம் வருகிறது. நாக்கு ஒட்டுக்கான நல்ல அறிகுறி அது. வெட்ட வேண்டும் என்பதற்கான அறிகுறியாக அதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இதய வடிவ நாக்கோடு வயிறு நிறையக் குடித்து, தாய்க்கு வலியில்லாமல் வளரும் குழந்தைகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பரிசோதிப்பவர் நாக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிரிஸ்டல் மதிப்பீடு என்ற எளிய முறை ஒன்று உண்டு. நுனியின் தோற்றம், கீழ் ஈறுக்கும் சவ்வுக்கும் உள்ள தொடர்பு, அழும்போது நாக்கு எவ்வளவு மேலே எழுகிறது, ஈறைத் தாண்டி எவ்வளவு வெளியே நீள்கிறது என்ற நான்கையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தருவார்கள். மொத்தம் 8. மதிப்பெண் குறையக் குறைய நாக்கின் கட்டுப்பாடு அதிகம். இதற்கு விரலை வாய்க்குள் வைத்துப் பார்க்க வேண்டும், குழந்தை பால் குடிப்பதையும் பார்க்க வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து "வெட்டுங்கள்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். என்னிடம் படம் அனுப்புபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

உறிஞ்சுவது உதடுதானே? நாக்குக்கு இதில் என்ன வேலை?

பெரும்பகுதி வேலை நாக்கினுடையது. குழந்தை வாயை அகலத் திறந்து, முலைக்காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்திலும் பெரும்பகுதியைக் கவ்வ வேண்டும். நாக்கு கீழ் ஈறின் மேல் நீண்டு மார்பைத் தாங்குகிறது. பிறகு நாக்கு கீழிறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் பாய்கிறது. வெளிப்புறத்தை மூடி வைப்பதுதான் உதட்டின் வேலை.

நாக்கு நீளவோ எழவோ முடியாதபோது குழந்தை முலைக்காம்பின் நுனியை மட்டும் பற்றி ஈறால் அழுத்துகிறது. தாய்க்கு வலி, புண். குழந்தைக்குப் பால் குறைவு. குடித்து முடித்ததும் காம்பு ஒரு பக்கம் சரிவாக, புது லிப்ஸ்டிக்கின் முனை போல நசுங்கி வெளுத்திருக்கும். குடிக்கும்போது 'டிக் டிக்' என்ற ஓசையும் கேட்கலாம். பிடி நழுவி வெற்றிடம் உடையும் ஓசை அது.

ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் உயிர் போகிற வலி. நாக்கைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒட்டுதான் காரணம் என்கிறார்கள். உடனே வெட்டிவிடலாமா?

முதலில் ஒன்று. "வலி பொறுத்துத்தான் ஆக வேண்டும், எல்லாத் தாயும் பட்டதுதானே" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். முதல் நாட்களில் சற்றே கூச்சமான வலி இருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்கும் நிலை இயல்பானது அன்று. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் பிடிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. நாக்கு ஒட்டு உள்ள குழந்தைகளிலேயே பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் பால் குடிப்பதில் சிரமம் வருகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஆகவே இரண்டும் ஒரே குழந்தையிடம் இருப்பதாலேயே ஒன்றால்தான் மற்றது வந்தது என்று ஆகிவிடாது. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா? காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல் குழந்தையை மார்பிடம் கொண்டுவருகிறீர்களா? முகவாய் மார்பில் அழுந்தி மூக்கு விலகியிருக்கிறதா? சாய்ந்து படுத்து, குழந்தையை மேலே கவிழ்த்துப் போட்டுக் கொடுத்துப் பார்த்தீர்களா? அந்த நிலையில் நாக்கு தானாகவே முன்னால் விழுகிறது. இறுக்கமான நாக்குள்ள சில குழந்தைகளுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

பிடியைச் சரிசெய்த பிறகும் வலி தொடர்ந்தால் மற்றவற்றையும் பார்க்க வேண்டும்: காம்பில் பூஞ்சைத் தொற்று, பால் கட்டி மார்பு கல் போல் இருத்தல், குறைமாதப் பிறப்பு, அண்ணத்தில் வெளியே தெரியாத பிளவு, மூக்கடைப்பு, கழுத்துத் தசை இறுகித் தலை ஒரே பக்கம் சாய்வது. இவற்றை விலக்கிய பின்னும் நாக்கு தெளிவாகக் கட்டுப்பட்டிருந்தால் வெட்டுவது நியாயமான சிகிச்சை. இதை இழுத்தடிக்கவும் கூடாது. வேலைக்கு வந்த தொடக்கத்தில் ஒரு தாயிடம் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது வாரம் அவருக்குப் பால் வற்றியிருந்தது. அதற்குப் பிறகு யாரிடமும் நான் மூன்றாவது முறை அப்படிச் சொன்னதில்லை.

பால் போதுமான அளவு உள்ளே போகிறதா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் நன்றாகப் போக வேண்டும், மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிப்பது வழக்கம். முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. பிறந்தபோது இருந்த எடையை 10 முதல் 14 நாட்களுக்குள் மீட்டுவிட வேண்டும். எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அப்போது நாக்கைப் பற்றிய ஆராய்ச்சி இரண்டாம் பட்சம், குழந்தையின் வயிறு நிறைவதே முதல் வேலை. கறந்த பாலைப் பாலாடையிலோ கரண்டியிலோ கொடுத்துக்கொண்டே மற்றதைப் பார்க்கலாம்.

வளர வளரத் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் பாட்டி. காத்திருக்கலாமா?

பாட்டி சொல்வதில் உண்மை இருக்கிறது. வாய் வளரும்போது சவ்வின் பிணைப்பு நுனியிலிருந்து சற்று விலகிப் போகும், நாக்கும் பழகிக்கொள்ளும். மெல்லிய ஒட்டு உள்ள பலருக்குப் பிற்காலத்தில் எந்தத் தொல்லையும் வருவதில்லை. இப்போது தொல்லை இல்லாத குழந்தைக்குக் காத்திருப்பதே சரி.

தொல்லை இருக்கும் குழந்தைக்கு அப்படியில்லை. நாக்கு தளர மாதங்கள் ஆகலாம். சரியாகக் காலியாகாத மார்பில் சில வாரங்களிலேயே சுரப்பு குறைந்துவிடும். காத்திருப்பதாக இருந்தாலும் அந்த நாட்களில் பாலைக் கறந்தாவது சுரப்பைக் காப்பாற்றுங்கள்.

தெரிந்தவர் குழந்தைக்கு வெட்டிய மறுநிமிடமே வலி போய்விட்டதாம். உண்மையில் பலன் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் கேள்விப்படும் அளவுக்கு இல்லை. 302 குழந்தைகள் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வெட்டியபின் தாயின் காம்பு வலி குறுகிய காலத்தில் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. குழந்தை குடிக்கும் திறன் மேம்பட்டதா என்பதில் ஒரே மாதிரியான முடிவு கிடைக்கவில்லை.

பிரிட்டனில் பிறகு 169 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்குச் சவ்வை வெட்டிப் பாலூட்டல் உதவியும் கொடுத்தார்கள், மற்றதற்கு உதவி மட்டும். மூன்றாம் மாதத்தில் முதல் பிரிவில் 88 சதவீதக் குழந்தைகளும் இரண்டாவதில் 86 சதவீதக் குழந்தைகளும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். வேறுபாடே இல்லை என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. உதவி மட்டும் பெற்ற பிரிவில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் இடையிலேயே போய் வெட்டிக்கொண்டுவிட்டார்கள். வலியில் இருக்கும் தாயைக் காத்திருக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அந்த எண்ணே சொல்கிறது. இரு பிரிவுக்கும் பாலூட்டல் உதவி கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

எப்படி வெட்டுவார்கள்? இவ்வளவு சிறிய குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பார்களா?

முதல் சில மாதங்களில் பொதுவாக மயக்க மருந்து தேவைப்படாது. குழந்தையைத் துணியில் சுற்றி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் நாக்கைத் தூக்கி மெல்லிய பகுதியைக் கத்தரியால் வெட்டுவார். சில நொடிகளில் முடிந்துவிடும். வலியைத் தணிக்க முன்கூட்டியே சில துளி சர்க்கரைக் கரைசலோ தாய்ப்பாலோ கொடுப்பது உண்டு. வழக்கமாகச் சில துளி ரத்தம் வரும். உடனே மார்பில் போட்டால் உறிஞ்சும் அழுத்தத்திலேயே அது நின்றுவிடும். பல குழந்தைகள் வெட்டியதற்கு அழுததைவிடப் பிடித்துவைத்ததற்கு அதிகமாக அழுகிறார்கள்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பை நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். பென்சோகைன் கலந்த வாய்க் களிம்பு இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடக்கூடும்.

கத்தரி பழைய முறை, லேசர்தான் சிறந்தது என்கிறார்களே?

கத்தரியைவிட லேசர் மேலானது என்று காட்டும் சான்று இல்லை. லேசரில் ரத்தம் குறையலாம். சற்று அதிக நேரம் எடுக்கும், சுற்றியுள்ள திசுவில் சூட்டுக் காயம் படவும் வாய்ப்புண்டு. கருவியைவிடக் கையில் பிடித்திருப்பவரின் அனுபவத்தைக் கேளுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் இதைச் செய்யலாமா? ஆபத்தே இல்லையா?

அரிதென்றாலும் ஆபத்து உண்டு: நிற்காத ரத்தப்போக்கு, தொற்று, நாக்கடியில் திறக்கும் உமிழ்நீர் நாளத்தில் காயம், நரம்புக் கிளை வெட்டுப்பட்டு மரத்துப்போதல், வடு இறுகி மீண்டும் கட்டுப்படுதல், வாயருகே எதைக் கொண்டுபோனாலும் குழந்தை மிரண்டு மறுப்பது. இவற்றுக்கு இணையாக நான் அஞ்சுவது இன்னொன்றை. எல்லாப் பழியையும் நாக்கின் மேல் போட்டுவிட்டு, எடை ஏறாததற்கான உண்மையான நோயைத் தவறவிடுவது.

பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்று உறுதிசெய்யுங்கள். குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தால் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். கீழ்த்தாடை மிகச் சிறியதாக உள்ள குழந்தைக்குச் சவ்வை வெட்டினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கக்கூடும். தசை தளர்ந்த குழந்தை, பிளவண்ணம் உள்ள குழந்தை ஆகியோருக்கும் சிறப்பு மருத்துவர் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வெட்டிய இரண்டாம் நாள் அந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சீழா?

பெரும்பாலும் இல்லை. வாய்க்குள் ஆறும் புண் வெள்ளையாகவோ மஞ்சளாகவோதான் தெரியும். சாய்சதுர வடிவில் இருக்கும் அது ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். துடைத்தெடுக்க முயல வேண்டாம். காய்ச்சல், வீக்கம், பால் குடிக்க அடியோடு மறுப்பது, மீண்டும் ரத்தம் கசிவது ஆகியவற்றில் எது வந்தாலும் செல்லுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் இரவென்றும் பாராமல் செல்ல வேண்டும்.

மறுபடி ஒட்டாமலிருக்க ஒரு நாளைக்கு ஆறு முறை புண்ணை விரலால் அழுத்தி இழுக்கச் சொன்னார்கள். குழந்தை கதறுகிறது. விடாமல் செய்ய வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு தாயும் கண்ணீரோடுதான் கேட்கிறார். இப்படி இழுத்துவிடுவதால் மீண்டும் ஒட்டுவது தடுக்கப்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை. மேலே சொன்ன அமெரிக்க அகாடமியின் 2024 அறிக்கையும் இதைப் பரிந்துரைக்கவில்லை. புண்ணைத் திரும்பத் திரும்பக் கிளறினால் வலி நீடிக்கும், வாயைத் தொட்டாலே குழந்தை அஞ்சத் தொடங்கும். நிறுத்துவதற்கு முன் சிகிச்சை செய்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடிக்கடி பால் கொடுப்பதே இந்த வயதில் நாக்குக்கு நல்ல பயிற்சி.

வெட்டி ஒரு வாரமாகியும் மாற்றம் இல்லை. மீண்டும் வெட்ட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். பழைய பிடிக்குப் பழகிய நாக்கு புதிய அசைவைக் கற்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். காம்பில் ஏற்கெனவே உள்ள புண்ணும் ஆற வேண்டும். இந்த நாட்களில் ஒருவர் அருகிலிருந்து நீங்கள் பால் கொடுப்பதைப் பார்ப்பது அவசியம். வெட்டியதோடு அனுப்பிவிட்டு, பாலூட்டலை யாருமே பார்க்காமல் விட்ட வீடுகளிலிருந்துதான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால், வலி பற்றிய கேள்வியில் சொன்ன மற்றக் காரணங்களை முதலிலிருந்து தேடுங்கள்.

வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 'பின்புற ஒட்டு' உள்ளே மறைந்திருக்கிறது என்கிறார்கள். அது என்ன?

சிலர் சவ்வு நாக்கின் பின்பகுதியில், சளிப்படலத்துக்கு அடியில் இறுக்கமாக இருப்பதை இப்படி அழைக்கிறார்கள். எது பின்புற ஒட்டு என்பதில் மருத்துவர்களிடையே உடன்பாடு இல்லை. அந்தச் சொல்லையே தவிர்க்கலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. முதல் பதிலில் சொன்ன துணி மடிப்பை நினைத்துப்பாருங்கள். விரலால் அழுத்தித் தேடினால் எல்லோரிடமும் ஏதோ ஓர் இறுக்கம் தட்டுப்படத்தான் செய்யும். அதை வெட்ட ஆழமாகப் போக வேண்டும், அங்கேதான் நரம்புக் கிளைகள் இருக்கின்றன. இந்தப் பெயரைச் சொல்லி வெட்டச் சொன்னால் கட்டாயம் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

மேலுதட்டிலும் ஒட்டு இருக்கிறதாம். நாக்கோடு சேர்த்து அதையும் வெட்டிவிடலாமா?

வேண்டாம். மேலுதட்டின் உட்புறத்தை ஈறோடு இணைக்கும் சவ்வு பிறந்த குழந்தைகள் எல்லோரிடமும் உண்டு. பலருக்கு அது ஈறின் விளிம்பு வரை இறங்கியிருக்கும். பச்சிளம் வயதில் அதுவே இயல்பான தோற்றம். பால் குடிக்கும்போது மேலுதடு மீன் வாய் போல முழுதும் பிதுங்க வேண்டும் என்பதும் இல்லை, கசியாமல் மூடியிருந்தால் போதும். உதட்டுச் சவ்வை வெட்டுவதால் பாலூட்டல் சீராகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. கன்னத்தின் உட்புறச் சவ்வுகளுக்கும் இதே பதில்தான்.

முன்பற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி. உதட்டுச் சவ்வால்தான் என்கிறார்கள். இப்போதே வெட்டினால் சேர்ந்துவிடுமா?

பால்பற்களுக்கிடையே இடைவெளி இருப்பது நல்லது. பின்னால் முளைக்கும் பெரிய பற்களுக்கு அந்த இடம் தேவை. நிலைத்த முன்பற்கள் முளைத்த பிறகும் இடைவெளி இருக்கலாம். 11, 12 வயதில் மேல் கோரைப்பற்கள் இறங்கி வரும்போது பெரும்பாலும் தானாகவே நெருங்கிவிடும். அதன் பிறகும் தடித்த சவ்வு நடுவில் நின்றால், கம்பி கட்டி இடைவெளியை மூடிவிட்டுச் சவ்வை நீக்குவதே பல்சீரமைப்பு மருத்துவர்கள் விரும்பும் வரிசை. முன்பே வெட்டினால் வடு உண்டாகி, பிறகு பற்கள் நெருங்குவதற்கு அதுவே தடையாகலாம். பல் துலக்கும்போது மேலுதட்டை விரலால் தூக்கி, சவ்வில் பிரஷ் இடிக்காமல் துலக்கிவிடுங்கள். அங்கே வலித்தால் குழந்தை பல் துலக்கவே விடாது.

நடக்கப் பழகும்போது விழுந்து அந்தச் சவ்வே கிழிந்துவிட்டது. தையல் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சுத்தமான துணியால் உதட்டின் வெளிப்புறத்திலிருந்து சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். ஆறியதா என்று பார்க்க உதட்டை அடிக்கடி தூக்காதீர்கள், மறுபடி ரத்தம் வரும். பல் ஆடினாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். இன்னும் நகரவே தொடங்காத கைக்குழந்தைக்கு இப்படிக் கிழிந்திருந்தால் அதை ஒருபோதும் அப்படியே விடக்கூடாது. எப்படி நேர்ந்தது என்று மருத்துவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. நாக்கை வெட்டினால் பேசிவிடுவானா?

நாக்கு ஒட்டு பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. சொல் மூளையிலும் செவியிலும் பிறக்கிறது. நாக்கு கட்டுப்பட்ட குழந்தைக்கும் சொற்கள் வரும், சில ஒலிகள்தான் மழுங்கும். சொற்களே வரவில்லை என்றால் முதலில் கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, சொல்வது புரிகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்று குழந்தை மருத்துவர் பார்க்கட்டும். நாக்கை வெட்டிவிட்டுப் பேச்சுக்காக ஓராண்டு காத்திருந்த குடும்பங்கள் உண்டு. உண்மையான உதவி கிடைக்க வேண்டிய ஓராண்டு அப்படியே கைநழுவிப் போனது.

மகளுக்கு ஆறு வயது. 'ழ' வரவில்லை, 'ற' தடுமாறுகிறது. நாக்கு ஒட்டும் இருக்கிறது. இதற்கு வெட்டலாமா?

எந்த ஒலிகள் தடுமாறுகின்றன என்பதுதான் துப்பு. ப, ம இரண்டும் உதட்டில் பிறப்பவை. க நாக்கின் பின்பகுதியில் பிறக்கிறது. இவற்றுக்கும் ஒட்டுக்கும் தொடர்பில்லை. த, ந ஆகியவற்றுக்கு நுனி மேற்பற்களைத் தொட வேண்டும். ல, ர, ற ஆகியவற்றுக்குப் பற்களுக்குப் பின்னுள்ள மேட்டை எட்ட வேண்டும். ட, ண, ள, ழ ஆகியவற்றுக்கு நுனி மேல்நோக்கிப் பின்னால் வளைய வேண்டும். வாயை அகலத் திறந்து, தாடையை அசைக்காமல் 'லா லா லா' சொல்லச் சொல்லுங்கள். நுனி மேலே எட்டவே முடியாமல், இந்த ஒலிகளில் பலவும் சேர்ந்து மழுங்கினால் ஒட்டுக்குப் பங்கிருக்கலாம்.

ல, ள, ண எல்லாம் தெளிவாக வந்து ழ மட்டும் வரவில்லை என்றால் காரணம் நாக்கில் இல்லை என்றே நினைக்கிறேன். ழகரமும் றகரமும் குழந்தைகளுக்குப் பொதுவாகவே தாமதமாக அமைபவை. வீட்டில் பெரியவர்களே 'பளம்' என்று சொன்னால் குழந்தை 'பழம்' என்பதை எங்கே கேட்கும்? பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் சோதித்து, சில மாதம் பயிற்சி கொடுத்து, சவ்வுதான் தடை என்று அவரும் சொன்ன பிறகு அறுவையை எண்ணலாம்.

பெரிய குழந்தைக்குச் சிகிச்சை வேறு மாதிரியா? பேச்சு தவிர வேறு எதற்காகச் செய்வார்கள்?

உதட்டை நக்க முடியாமை, பல்லில் ஒட்டிய உணவை நாக்கால் துழாவி எடுக்க முடியாமை, நாக்கை நீட்டும்போது வலி, ஊதும் இசைக்கருவி வாசிப்பதில் சிரமம் போன்றவற்றுக்காகவும் செய்வதுண்டு. சக பிள்ளைகளின் கேலியால் குன்றிப்போகும் குழந்தையின் மனமும் சரியான காரணமே. இந்த வயதில் அசையாமல் வாயைத் திறந்து வைத்திருப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். தடித்த சவ்வாக இருந்தால் வெட்டியதோடு விடாமல், சவ்வை 'Z' எழுத்து வடிவில் வெட்டித் திருப்பி, தானே கரையும் தையல் போடுவார்கள். வடு நீளவாக்கில் இறுகாமலிருக்க இந்த உத்தி. ஆறிய பிறகு நாக்குப் பயிற்சியும், தேவையானால் பேச்சுப் பயிற்சியும் தொடரும். ஒலியைத் தவறாகப் பழகிய நாக்கு வெட்டியவுடன் திருந்திவிடாது.

பின்னால் குறட்டை, வாயால் மூச்சு விடுவது, எதுக்களிப்பு எல்லாம் வருமாம். வருமுன் காப்பதற்காக இப்போதே வெட்டிவிட்டால் என்ன?

இந்தத் தொல்லைகளைத் தடுப்பதற்காகத் தொல்லையற்ற குழந்தைக்கு வெட்டலாம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. குறட்டைவிடும் குழந்தைக்கு மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் தொண்டையின் இரு பக்கமுள்ள டான்சில் சதையும் பெருத்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பால் கக்குவது முதல் மாதங்களில் பெரும்பாலான குழந்தைகளிடம் உள்ளது, வளர்ச்சியோடு குறைந்துவிடும்.

அமெரிக்காவில் 1997இல் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 3,900 பச்சிளம் குழந்தைகளுக்கு நாக்கு ஒட்டு என்று பதிவானது. 2012இல் அது ஏறத்தாழ 32,800. பதினைந்து ஆண்டில் குழந்தைகளின் நாக்கு மாறிவிடவில்லை. தாய்ப்பாலின் மேல் அக்கறை கூடியது ஒரு காரணம், அது நல்லதே. கண்ணில் படுவதையெல்லாம் ஒட்டு என்று அழைக்கத் தொடங்கியதும் இன்னொரு காரணம்.

ஒரு மருத்துவர் வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்கிறார். யாரை நம்புவது?

குழந்தை பால் குடிப்பதை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். அவர் சொல்லுக்கு எடை அதிகம். இருவரிடமும் இவற்றைக் கேளுங்கள்: இந்தக் குழந்தைக்கு எந்தச் செயல் தடைபடுகிறது? வெட்டினால் எது, எத்தனை நாளில் மாற வேண்டும்? மாறாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? வெட்டாமல் என்ன முயன்று பார்க்கலாம், எவ்வளவு நாள்? பிறகு பாலூட்டலுக்கு யார் உதவுவார்கள்? பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் செல்லுங்கள். இன்றே முடிவெடுக்க வேண்டும் என்று நெருக்கினால், குழந்தையின் எடை இறங்கிக்கொண்டிருந்தாலன்றி, ஒரு நாள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

நாங்கள் வெட்டவில்லை. இப்போது ஐந்து மாதம், நன்றாகக் குடித்து நன்றாக வளர்கிறாள். ஆனால் நாக்கு இன்னும் இதயம் போலவே இருக்கிறது. தவறு செய்துவிட்டோமா?

இல்லை. அவள் நாக்கு அவளுக்குப் போதும். திட உணவு தொடங்கும்போது வாயில் வைத்ததை நாக்கால் பின்னே தள்ளி விழுங்குகிறாளா என்று பாருங்கள். பேச்சு வளரும்போது ஒருமுறை கவனியுங்கள். இடையில் வாயைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம்.